பருவத்துக்குப் பருவம் ஒரு சரித்திரமா?

சித்திரை மாதம் பிறந்ததும் மலைநாட்டுக்குச் 'சீசன்' வந்துவிடுகிறது. நுவரெலியாவிலே குதிரைப் பந்தயம் நடைபெறுகிறது, மலர்க்கண்காட்சி நடைபெறுகிறது, ஏரிக்கரையிலே கடைகள் முளைக்கின்றன. கொழும்பின் வெயிலுக்கு அஞ்சிய கனவான்கள் குடும்ப சமேதராய் மலையேறுகின்றனர். இப்பழக்கமே நமக்கு வெள்ளையர் விட்டுச் சென்ற சொத்துக்களில் ஒன்றாகும். சமவெளியின் வெப்பம் தாங்கமாட்டாத அதிகாரிகளும் அவர்தம் மனைவிமாரும் தம் தாயகத்துக் குளிரை நாடி மலையேறிய காலத்தில் உண்டான வழக்கம், அவர்கள் கப்பலேறிய பின்னரும் அவர்கள் இருக்கையிலே அமர்ந்தவர்களால் தவறாது அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது.

சீசனோடு சேர்ந்து வருவது மற்றொன்றும் உண்டு. 'அந்தக் காலத்து வாழ்க்கை' என்ற பெயரால் பழைய துரைமார் பங்களாக்களிலும், உல்லாச விடுதிகளின் முன்மண்டபங்களிலும், சிற்றூர் நூதனசாலைகளிலும் அலமாரிகள் திறக்கப்படுகின்றன. வெள்ளித் தேநீர்க்குடங்கள் துடைத்துப் பளபளப்பாக்கப்படுகின்றன. சீசன் முடிந்ததும் அவை மீண்டும் அலமாரிக்குள்ளே சென்றுவிடுகின்றன. சரித்திரமும் அவற்றோடு உள்ளே சென்றுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய ஒரு சித்திரை மாதத்திலே, மலைநாட்டுச் சிறு பட்டினம் ஒன்றிலுள்ள நூதனசாலைக்கு நான் செல்ல நேர்ந்தது. அதன் பெயரைக் கூறி அதனை நடத்துவோர் மனத்தைப் புண்படுத்துவது என் நோக்கமன்று. அவர்கள் பொருள்களை அக்கறையுடன் காத்து வைத்திருந்தனர். ஆயினும் அக்காட்சி என் நெஞ்சை விட்டகலவில்லை. நடுக்கூடத்திலே ஒரு நீண்ட உணவுமேசை. அதன்மேல் வெண்துகில். எட்டுப் பேருக்கு வரிசையாகப் பீங்கான் தட்டுகளும், கத்திகளும், முள்ளுக்கரண்டிகளும். மேசைத் தலைப்பில் துரையின் நாற்காலி. சுவரிலே மான்கொம்புகள், ஒரு வேட்டைத் துப்பாக்கி. பக்கத்து அறையிலே கிராமபோன் பெட்டியும், துரைசானியின் தையற்பெட்டியும். கூடத்தின் மூலையிலே, கதவுக்குப் பின்னால், தலையில் கொழுந்துக் கூடை மாட்டிய பெண் பொம்மை ஒன்று. அதற்குப் புதுச் சேலை உடுத்தியிருந்தார்கள். முகத்திலே ஒரு புன்னகையும் தீட்டியிருந்தார்கள். துரையின் நாற்காலிக்கு அவருடைய பெயரும், அவர் வந்த ஆண்டும், அவர் வாழ்ந்த பங்களாவும் எழுதப்பட்டிருந்தன. பொம்மைக்குப் பெயரில்லை.

அந்நேரம் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தனர். வரிசையாகச் சுற்றிப் பார்த்த பின்னர் ஒரு சிறுமி தன் ஆசிரியையிடம், "டீச்சர், நம்ம லயம் இதில எங்க இருக்கு?" என்று கேட்டாள். ஆசிரியை சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சாளரத்துக்கு வெளியே கையைக் காட்டினார். எதிர்மலைச் சரிவிலே, மழையிற் கறுத்த தகரக் கூரைகளோடு, லயங்கள் நீண்டு கிடந்தன.

அச்சிறுமியின் கேள்விக்கு நாம் யாவரும் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வெள்ளித் தேநீர்க்குடத்தின்மீது எனக்குப் பகையில்லை. பீங்கான் தட்டைச் செய்தவனும் ஒரு தொழிலாளியே. பழைய பொருள்களை உடைத்தெறிந்துவிட்டால் பழைய அநீதி ஒழிந்துவிடும் என்று கருதும் பேதைமையும் எனக்கில்லை. நூதனசாலைகள் வேண்டும், சிற்றூர்தோறும் வேண்டும். என் வாதம் வேறு. உண்மையான பொருள்களைக் கொண்டே ஒரு பொய்யைக் கூறிவிட முடியும். மேசை உண்மை; தட்டு உண்மை; துப்பாக்கியும் உண்மை. ஆனால் அம்மேசைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை மறைத்து, அதனையே 'அக்காலத்து வாழ்க்கை' என்று பெயரிட்டு நிறுத்தும்போது, அது பொய்யாகிவிடுகிறது. ஒரு தோட்டத்தில் பெரியதுரை ஒருவர். சின்னதுரை ஒருவரோ இருவரோ. தொழிலாளர்களோ நூற்றுக்கணக்கானோர். அந்த ஓரிருவரின் வாழ்க்கை காலத்தின் வாழ்க்கையாகவும், அந்த நூற்றுக்கணக்கானோரின் வாழ்க்கை கதவுக்குப் பின்னால் நிற்கும் அலங்காரமாகவும் ஆவது எந்தக் கணக்கு?

'சீசன்' என்னும் சொல்லையே சற்று ஆராய்வோம். மலைநாட்டின் சரித்திரத்திலே பருவம் என்பது யாருக்குரியதாயிருந்தது? 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை 1840களில் மலைநாடெங்கும் பரவியது. கோப்பிக்கு ஆண்டு முழுவதும் பெருந்தொகையான ஆட்கள் தேவையில்லை. பழம் பறிக்கும் பருவத்திலேதான் ஆட்கள் தேவை. ஆகவே ஆண்டின் பிற்பகுதியிலே மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக மக்கள் புறப்பட்டனர். தோணியிலே கடலைக் கடந்து மன்னார்க் கரையிலே இறங்கி, அங்கிருந்து வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கிக் கால்நடையாக நடந்தனர். பருவம் முடிந்ததும் அதே வழியே திரும்பினர். திரும்ப முடிந்தவர்கள் திரும்பினர் என்பதே பொருந்தும். வாந்திபேதியும், காய்ச்சலும், பசியும், நீரின்மையும் அவ்வழிநெடுக அவர்களைத் தின்றன.

1840களில் அவ்வாறு மடிந்தோர் தொகை எவ்வளவு என்று சரித்திராசிரியர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். எத்தனை அந்தர் கோப்பி கப்பலேறியது என்பதற்குக் கணக்கிருக்கிறது. எத்தனை பேர் வழியிலே விழுந்தனர் என்பதற்கு எல்லோரும் ஒப்பும் கணக்கில்லை. ஓர் ஆட்சி எதனை மதித்தது, எதனை மதிக்கவில்லை என்பதை அறிய இதைவிட வேறு சான்று வேண்டுமோ? சீசன் என்ற சொல்லுக்கு மலைநாட்டிலே முதற்பொருள் இதுதான்: மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான ஒரு நடை. குதிரைப் பந்தயம் பிற்பாடு வந்த பொருள்.

அம்மலைகள் தோட்டங்களான வரலாறும் உணவுமேசைக்கு அப்பாற்பட்டதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை எழுத்திலே நிறுவ முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவை என்றது. 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு நிலம் விற்கப்பட்டது. அரசாங்க அதிகாரிகளே வாங்குவோராயும் இருந்தனர். தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த கண்டிநாட்டுச் சிங்கள விவசாயி தன் மலையிலேயே அந்நியனானான். 1848இல் மாத்தளையிலே எழுந்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகளோடு இக்கொதிப்பும் காரணமாயிற்று. நிலம் இழந்தவன் ஒருபுறம். அந்நிலத்திலே உழைக்கக் கொண்டுவரப்பட்டவன் மறுபுறம். இவ்விருவரும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதும்படி செய்ததிலே பின்வந்த அரசியல்வாதிகளுக்கு எவ்வளவோ இலாபம் கிடைத்தது. இருவருடைய வரலாற்றையும் ஒரே சுவரிலே எழுதிவைக்கும் நூதனசாலை, மேடைப்பேச்சுகள் பல செய்யமாட்டாத வேலையைச் செய்துவிடும்.

1869இல் கோப்பிச் செடிகளைப் பூஞ்சண நோய் பற்றியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிய, தேயிலை வளர்ந்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆகவே வந்து திரும்பும் கூட்டம் போதாது. குடும்பத்தோடு தங்கும் கூட்டம் தேவைப்பட்டது. கொழுந்து பறிக்கப் பெண் தேவைப்பட்டாள். அவளைத் தங்கவைக்க, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டினார்கள். பருவகாலத் தொழிலாளி பரம்பரைத் தொழிலாளியான கதை இதுதான்.

தங்கியவனை விடாதிருக்கச் சட்டமும் கடனும் காவல் நின்றன. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கனுப்ப முடிந்தது. கங்காணியிடம் பெற்ற முற்பணம், பிரயாணச் செலவு, அரிசி, கம்பளி யாவும் அவன் கணக்கிலே ஏறின. இந்தக் கடனைத் தீர்த்தால் இவ்வாட்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். கடனைப் புதிய தோட்டம் கட்டும். கடனோடு ஆளும் மாறுவான். மனிதனுடைய கடன் விற்கப்பட்டது என்று சொல்வதா, மனிதனே விற்கப்பட்டான் என்று சொல்வதா? 1921இலேதான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கான சட்டம் வர 1927 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. இலங்கையின் பழம்பெருமைகளைக் காக்கும் பொருட்டு ஆங்கில ஆட்சி கட்டிய வெண்மாளிகை அது. அதே 1877இல் தாதுவருடப் பஞ்சம் தென்னிந்தியக் கிராமங்களைச் சூறையாட, முன்னெப்போதும் காணாத பெருங்கூட்டம் இக்கரைக்கு வந்து இறங்கியது. ஒரே ஆட்சி, ஒரே ஆண்டிலே, கற்சிலைகளுக்கு மாளிகை கட்டியது. பஞ்சத்துக்குத் தப்பி வந்த மனிதருக்கு லயத்தைக் காட்டியது. எதைக் காப்பது, எதைக் காக்காமல் விடுவது என்ற தீர்ப்பு அன்று அவர்களால் எழுதப்பட்டது. நம் சிறு நூதனசாலைகள் அத்தீர்ப்பை இன்றும் நிறைவேற்றிக்கொண்டிருக்கின்றன என்பதே என் குற்றச்சாட்டு.

இதற்கு மூன்று மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன்.

முதலாவது, 'தொழிலாளர் எதையும் விட்டுச் செல்லவில்லை. காட்டுவதற்குப் பொருளில்லை' என்பது. இது சோம்பலின் வாதம். பிரட்டுக்களத்துக்கு விடியற்காலையிலே ஆட்களை அழைத்த தப்பு எங்கே? கொழுந்தை நிறுத்த தராசு எங்கே? மட்டக்கம்பு எங்கே? கவ்வாத்துக் கத்தி எங்கே? இடுப்பிலே கட்டிய படங்கு எங்கே? மழைக்குப் போர்த்திய கம்பளி எங்கே? முழுப்பேரும் அரைப்பேரும் எழுதிய செக்ரோல் புத்தகங்கள் எங்கே? தோட்டத்து எண் பொறித்த தகரத்துண்டை அணிவித்து ஆட்களைச் சரக்கைப்போல் அனுப்பினார்களே, அத்தகரம் எங்கே? காமன் கூத்திலே கட்டிய உடைகளும் ஆபரணங்களும் எங்கே? தாலாட்டும் ஒப்பாரியும் பாடும் கிழவிகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனரே, அவர்கள் குரல் எங்கே? தேடாதவன், பொருளில்லை என்று சொல்ல உரிமையற்றவன். கம்பளைக்கு அருகே, பழைய பீகொக் தோட்டத்திலே, 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் தேயிலைத் தொழிலாளர் நூதனசாலை ஒன்றை நிறுவினர். அதற்கு அவர்கள் பங்களாவைத் தேடவில்லை. பழைய லயன் அறைகளையே எடுத்துக்கொண்டனர். தேடியவர்களுக்குப் பொருள் கிடைத்தது.

இரண்டாவது மறுப்பு, 'உல்லாசப் பிரயாணிகள் துன்பத்தைப் பார்க்க வருவதில்லை. அவர்கள் பணம் நாட்டுக்குத் தேவை' என்பது. பிரயாணியை இவர்கள் எவ்வளவு அற்பனாக மதிக்கின்றனர்! தேநீர் அருந்தும் எவனும், அது யார் பறித்தது என்று கேட்கமாட்டான் என்பது இவர்கள் முடிவு. கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இயங்கி வருகிறது. பழைய உருளைகளும் இயந்திரங்களும், டெயிலரின் நினைவுப்பொருள்களும் அங்கே பேணப்படுகின்றன. இது நற்பணி, இதனை நான் இகழவில்லை. இயந்திரத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் மலையேறி வருபவன், அவ்வியந்திரத்துக்குக் கொழுந்து சுமந்தவளின் கதையையும் கேட்பான். சொல்ல நமக்குத் துணிவு வேண்டும், அவ்வளவே. இன்னொன்றையும் கேட்கிறேன்: நூதனசாலை பிரயாணிக்காக மட்டுமா? அன்று வந்த அச்சிறுமிக்கு அதிலே பங்கில்லையா?

மூன்றாவது மறுப்பே வலியது. 'பழைய புண்களைக் கிளறுவதால் வெறுப்பே வளரும்' என்பார்கள். உண்மையைச் சரிவரச் சொன்னால் வெறுப்பு வளராது. அரைகுறையாகச் சொன்னாலே வளரும். ஆகவே நம் பக்கத்து இருளையும் நாம் காட்ட வேண்டும். துரை வெள்ளையன், ஆனால் கங்காணி நம்மவன். ஊருக்குச் சென்று, கண்டிச்சீமையிலே தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரிலே கிடைக்கும் என்று ஆசைகாட்டி ஆள்கட்டியவன் அவனே. ஆளொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவனும் அவனே. அவன் அணிந்த கோட்டையும், தலைப்பாகையையும், கையிலே பிடித்த வெள்ளிப்பூண் பிரம்பையும் 'நம் மூதாதையர் பெருமை' என்று மாட்டிவைத்துவிட்டுத் துரையின் துப்பாக்கியை மட்டும் தூற்றுவோமாயின், நாமும் அதே பொய்யை வேறு மொழியிலே சொன்னவர்களாவோம். சாதியின் பெயரால் லயத்துக்குள்ளேயும் லயம் பிரிந்திருந்ததை மறைப்பதும் அவ்வாறே. இரவிலே அடுப்பூதி, விடியுமுன் பிரட்டுக்குப் போய், மாலையிலே மீண்டும் அடுப்பூதிய பெண்ணின் உழைப்பைத் தொழிற்சங்க வரலாறுகளிலே கூட நாம் ஓரத்தில்தான் எழுதியிருக்கிறோம். இவையனைத்தும் காட்டப்பட வேண்டும்.

இனி, அச்சிறுமியின் கேள்விக்குத் திரும்புவோம். ஆசிரியையின் கை சாளரத்துக்கு வெளியே நீண்டதே, அதிலேதான் இப்பிரச்சினையின் உயிர்நாடி இருக்கிறது. நூதனசாலையிலே வைக்கப்படுவது முடிந்துபோனது என்பது பொதுவான எண்ணம். காலனித்துவ வாழ்க்கையைக் கண்ணாடிக்குள் வைத்து, 'அந்தக் காலம்' என்று எழுதி ஒட்டும்போது, அது கழிந்துவிட்டது என்று பார்ப்போனுக்கு உறுதி கூறுகிறோம். துரையைப் பொறுத்தவரை அது உண்மை; அவர் போய்விட்டார். ஆனால் லயம் போகவில்லை. அதே சுவருக்குள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பங்களாவின் மேசை காட்சிப்பொருளாகிவிட்டது. லயத்தின் அடுப்போ இன்னும் புகைகிறது.

இடையிலே நடந்தவற்றையும் நினைத்துப் பாருங்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திலே கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். துரையின் வேட்டைத் துப்பாக்கிக்கு எண்ணெய் பூசும் நூதனசாலைகளுள் எத்தனை அத்தோட்டாவைப் பற்றி ஒரு வரியேனும் எழுதிவைத்தன? நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் பல இலட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு பிரதமர்கள் கூடி, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டனர். எஞ்சியோரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்றனர். மனிதர் தலைகளை எண்ணிப் பிரித்த அவ்வொப்பந்தம் காலனித்துவ ஆட்சியின் கணக்குப் புத்தகத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருந்தது? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டின் சட்டமே நாடற்றோர் நிலைக்கு ஒரு முடிவு கண்டது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என விதிக்கப்பட்டபோது, அதனை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. எங்கே முடிகிறது 'அந்தக் காலம்'? எந்த ஆண்டிலே கோடு போடுவது?

2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டத்தினர் நடந்தனர். முன்னோர் நடந்த வழியிலே பேரப்பிள்ளைகள் நடந்தனர். இதுவும் ஒரு காட்சிதான். ஆனால் பார்ப்போரும் நடப்போரும் ஒருவராயிருந்த காட்சி. அவர்கள் பழம்பெருமை பேசவில்லை. காணி கேட்டனர், வீடு கேட்டனர், சமமான மதிப்புக் கேட்டனர். எனினும் நம்மவரையும் நான் எச்சரிக்க விரும்புகிறேன். ஆண்டுநிறைவுகளும் சீசனைப் போன்றவையே. மேடை கழற்றப்படும், பதாகை சுருட்டப்படும், அடுத்த நூற்றாண்டு வரை உறங்கலாம் என்று நினைத்தால் நாமும் பருவகாலச் சரித்திரக்காரராகிவிடுவோம்.

ஆகவே நாம் கேட்பது இவையே. சிற்றூர் நூதனசாலைகளிலே துரையின் மேசை இருக்கட்டும். ஆனால் அதன் பக்கத்திலேயே அத்தோட்டத்தின் செக்ரோல் புத்தகம் திறந்துவைக்கப்படட்டும். அன்று ஒரு நாட்பேருக்கு எத்தனை சதம் என்பதும், அம்மேசைமீதுள்ள தட்டு ஒன்றின் விலை எத்தனை நாட்பேர் என்பதும் எழுதப்படட்டும். பொம்மையின் புன்னகை அழிக்கப்படட்டும். புத்தகத்திலுள்ள பெயர்களிலே ஒன்று அதற்குச் சூட்டப்படட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று தரையிலே சுண்ணாம்புக் கோடு கீறி, அதற்குள்ளே எட்டுப் பேரை நிற்கச் சொல்லட்டும். எட்டு நாற்காலி போட்ட மேசையும் எட்டுப் பேர் படுத்த அறையும் எதிரெதிரே நிற்கட்டும். எழுத்துகள் மூன்று மொழியிலும் இருக்கட்டும். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும், ஓய்வுபெற்ற தொழிலாளரும், அயற்கிராமத்து விவசாயிகளும் நூதனசாலைச் சபையிலே உறுப்பினராகட்டும். இவை யாவும் சித்திரைக்கு மட்டுமன்றி, பிரயாணி வராத ஆடி மழையிலும் திறந்திருக்கட்டும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. துடைத்து வைத்த வெள்ளிக்குடத்தை ஒரு சாண் நகர்த்தி, அவ்விடத்திலே ஒரு பழைய கூடையை வைக்கும் மனமே வேண்டும். கூடை ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள். இதுவரை பெரும்பாலோர் கேட்கவில்லை.

அச்சிறுமி இப்போது வளர்ந்திருப்பாள். அவள் மீண்டும் ஒருநாள் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கூடத்துக்குள் நுழைவாளாயின், அப்பிள்ளையும் அதே கேள்வியைக் கேட்கும். அதற்குச் சாளரத்துக்கு வெளியே கையைக் காட்டவேண்டிய நிலை இராதிருக்க வேண்டும். லயத்தின் இடம் நூதனசாலைக்குள்ளே. மனிதரின் இடம் தம் சொந்தக் காணியிலே சொந்த வீட்டிலே. அவ்விரண்டும் நிறைவேறும் நாளிலேதான் 'அந்தக் காலம்' என்று எழுதி ஒட்டுவதற்கு நமக்கு உரிமை உண்டாகும்.